அடுத்த வீட்டுப் பாட்டு

"பழைய பாட்டுக்கு உருகுறதெல்லாம் பாட்டு மேல உள்ள பிரியம் இல்லப்பா. நம்ம வயசு போயிருச்சேங்கிற ஏக்கம், அவ்வளவுதான்." ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் இளையராஜா பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். போகிற போக்கில் சொன்னதுதான். டீயைக் குடித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை மனசைவிட்டுப் போகவில்லை. அதில் பாதி உண்மை என்பதுதான் காரணம். பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு மற்ற வயதில் கேட்டதைவிட அழுத்தமாகப் பதியும் என்று ஞாபகசக்தியை ஆராய்கிறவர்களே சொல்கிறார்கள். என் பதின்வயது எண்பதுகளில் கழிந்தது. ராஜா பாட்டுக்கு நான் கரைவதற்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் ஏ.எம்.ராஜாவும் ஜிக்கியும் பாடிய ஐம்பதுகளின் பாட்டு எங்காவது காதில் விழுந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்தப் பாட்டுகள் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. அப்படியானால் அது யாருடைய வயசுக்கான ஏக்கம்?

திண்ணையில் இருந்த ரேடியோ

எங்கள் ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் முக்கூடல் பக்கம். தாமிரபரணி ஓடுகிற ஊர்தான் என்றாலும் வயல் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்ற வீடுகளில் பெண்கள் பீடி சுற்றித்தான் அடுப்பெரிந்தது. முந்தின நாளே இலையை நனைத்துவைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டி அடுக்கிவிடுவார்கள். காலையில் வீட்டுவேலை முடிந்ததும் ஆளுக்கொரு சொளகை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். சொளகில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள், நூல்கண்டு. இலையை விரித்து, தூளைப் போட்டு, இரண்டு கை விரல்களுக்கும் நடுவே ஒரு உருட்டு. நூலைச் சுற்றி இழுத்து, நுனியை மடக்கிக் கீழே போட்டால் ஒரு பீடி. நாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் நாலு காசு பார்க்க முடியும். கண்ணால் பார்த்துச் சுற்றுகிற வேலை இல்லை அது. கை அதுபாட்டுக்கு ஓடும். ஆனால் கை ஓடினால் மட்டும் போதாது, மனசு அங்கே உட்கார வேண்டுமே. அதற்குத்தான் ரேடியோ.

எங்கள் வீட்டில் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. அப்பா வாங்கியது. அதற்கு வருஷாவருஷம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி, சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்க வேண்டும். எங்கள் திண்ணைக்குப் பெண்கள் கூடியதற்கு அந்த ரேடியோவும் ஒரு காரணம். காலையில் இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கும்போது வேலையும் தொடங்கும். நேரத்தை யாரும் மணி சொல்லிப் பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. "பூம்புனல் முடியதுக்குள்ள இந்தக் கட்டு முடிஞ்சிரணும்டி" என்பார் அம்மா. வேகமான பாட்டு வந்தால் நூல் இழுக்கும் சத்தம் கூடும். சோகப் பாட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும், கை மட்டும் ஓடும். இடையிசை வரும்போதுதான் எச்சில் விழுங்குவது, நிமிர்ந்து முதுகை நெட்டி முறிப்பது, "ஏட்டி, அந்தத் தண்ணியக் கொண்டா" என்பதெல்லாம். பல்லவி திரும்பியதும் எல்லோரும் குனிந்துவிடுவார்கள். மதினி ஒருத்தி மட்டும் சரணத்தில் கூடவே பாடுவாள். நல்ல குரல். அவள் பாடினால் ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள்.

ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையே பாட்டில் வைத்து இறைத்தார்கள். நடவுக்குப் பாட்டு இருந்தது, வண்டி ஓட்ட இருந்தது. பீடி பிற்பாடு வந்த தொழில். அதற்கென்று பரம்பரையாக வந்த பாட்டு கிடையாது. அந்த இடத்தைச் சினிமாப் பாட்டு எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். சினிமாப் பாட்டைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிற கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். முதுகு ஒடிய உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த மூன்றரை நிமிஷம் என்னவாக இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இந்த இளக்காரம் ஒரு காலத்தில் அரசாங்கத்திடமே இருந்தது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதை ஒடுக்கிவைத்தார். கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வைத்துக்கொண்டார்கள். வடக்கே இந்திப் பாட்டுக்கும் கொழும்பு, தெற்கே தமிழ்ப் பாட்டுக்கும் கொழும்பு. மத்திய அலை உப்புத் தண்ணீருக்கு மேலே வலு குறையாமல் நெடுந்தூரம் போகும். இடையில் இருந்தது மன்னார் வளைகுடா மட்டும்தான் என்பதால் எங்கள் பக்கத்துக்குக் கொழும்பு அடுத்த தெரு மாதிரி கேட்கும். 1957இல் ஆகாசவாணியே சினிமாப் பாட்டு போட விவிதபாரதியைத் தொடங்கிய பிறகும் எங்கள் திண்ணை இலங்கையைவிட்டு நகரவில்லை. அறிவிப்பாளர்கள்தான் காரணம். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் எல்லாரும் அம்மாவுக்கு உறவுக்காரர்கள் மாதிரி.

'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். கொக்குவில், சுன்னாகம், மானிப்பாய், வல்வெட்டித்துறை. எந்தக் குழந்தைக்கோ அம்மா, அப்பா, அம்மம்மா, சித்தப்பா எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள். திண்ணையில் இருப்பவர்களும் "நல்லா இருக்கட்டும் பிள்ள" என்பார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர்கள் செய்தியில் வரத் தொடங்கின. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். வரைபடத்தில் இலங்கையைக் காட்டத் தெரியாது. ஆனால் சுன்னாகம் என்ற பெயரைச் செய்தியில் கேட்டதும் கையை நிறுத்திவிட்டார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

நாம் தேர்ந்தெடுக்காத பாட்டு

எனக்கு மனப்பாடமாகத் தெரியும் பாட்டுகளில் நானாக விரும்பிக் கேட்டவை மிகவும் குறைவு. பெரும்பாலானவை அம்மாவின் திண்ணையில் இருந்து, எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து, கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் இருந்து, அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இருந்து வந்தவை. கோவில் கொடைக்குக் குழாய் கட்டினால் ஊர் முழுக்க ஒரே பாட்டுதான். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு, அந்தப் பாட்டோடு அந்த நேரத்து வெயிலும் வாசனையும் சேர்ந்தே உள்ளே போய்விட்டன. ஜிக்கி குரல் கேட்டால் எனக்கு ஈர பீடி இலையின் வாடை வரும். இது கற்பனை இல்லை, மூக்கில் நிஜமாகவே வரும். அந்தப் பாட்டு அம்மாவின் இளமைக்கு உரியது. அம்மா அதைக் கேட்டபோது நான் பக்கத்தில் படுத்திருந்தேன், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள பாத்தியதை.

இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சியைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சலும் அவருடன் சேர்ந்தவரும் 2013இல் வெளியிட்டது. இருபது வயதை ஒட்டிய கல்லூரி மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் பிரபலமாக இருந்த பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தங்கள் காலத்துப் பாட்டை மாணவர்கள் நன்றாக அடையாளம் கண்டதில் அதிசயம் இல்லை. ஆனால் அவர்களுடைய அப்பா அம்மா இளைஞர்களாக இருந்த எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டுகளுக்கும் ஒரு தனி ஒட்டுதல் தெரிந்திருக்கிறது. அதற்கும் முந்தி, தாத்தா பாட்டி காலத்தோடு பொருந்துகிற அறுபதுகளின் பாட்டுகளுக்கும் இன்னொரு ஒட்டுதல். வீட்டில் பெரியவர்கள் கேட்டது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் இதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம். நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ஏக்கம் இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் அது என் ஒருவனுடைய வயசோடு முடிகிற விஷயம் இல்லை.

பதில் கிடைத்ததும் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. என் மகள் பிறந்தது 2000இல். அவள் வளர்ந்த சென்னை அடுக்குமாடி வீட்டில் திண்ணை கிடையாது. டிவி பாட்டு சேனல்கள் கொஞ்ச காலம் ஓடின, அப்புறம் அதுவும் நின்றது. நான் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். மனைவி சமையலறையில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கிறாள், குக்கர் விசில் இன்னொரு காதுக்கு. மகள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு அவள் அறையில். மூன்று பேரும் நாள் முழுக்கப் பாட்டு கேட்கிறோம், வீட்டில் சத்தமே இல்லை. வேண்டிய பாட்டு வேண்டிய நேரத்தில் கிடைப்பது பெரிய வசதிதான். அம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் நான் கேட்பது மகளுக்குக் கேட்காது என்றால், அவளுக்கு என்னிடம் இருந்து எந்தப் பாட்டு போய்ச் சேரும்?

அந்த வெள்ளிக்கிழமை

2020 செப்டம்பர் 25. எஸ்.பி.பாலசுப்ரமணியம் இறந்துபோனார். ஆகஸ்டு முழுக்க ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து, தேறிவிடுவார் என்று நம்பத் தொடங்கியிருந்த நேரம். மதியம் செய்தி வந்தது. கொரோனா காலம். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. நான் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர் பிளாக்கில் இரண்டாவது மாடியில் யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டில் இருந்து இன்னொரு பாட்டு. அப்புறம் பக்கவாட்டில் ஒன்று. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் இருந்து வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ராஜா மெட்டு, தெலுங்கு வார்த்தைகளோடு, அதே குரலில். அந்த வீட்டு அம்மா பால்கனியில் நின்று அழுதுகொண்டிருந்தார். வருஷக்கணக்காக லிப்டில் பார்த்துத் தலையாட்டிய பழக்கம்தான் எங்களுக்கு. அன்றைக்கு நான் எங்கள் பால்கனியில் இருந்து அந்த மெட்டைத் தமிழில் பாடினேன், அவர் தெலுங்கில் பாடினார். எந்த வார்த்தையும் ஒன்று இல்லை, மூச்சு விடுகிற இடம் மட்டும் ஒன்று. கீழே முகக்கவசத்தோடு நடைபயிற்சி போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பாட்டும் ஒன்றோடு ஒன்று மோதி இரைச்சலாகத்தான் இருந்தது. சத்தத்தைக் குறையுங்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மகள் அறையில் இருந்து வெளியே வந்தாள். காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கீழ்வீட்டில் எண்பதுகளின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, எஸ்.பி.பி. பாடிய பாட்டுகளில் எனக்கு மிகவும் வேண்டியது. அதன் இரண்டாவது சரணம் தொடங்கியதும் அவள் கூடவே பாடினாள். முழுசாக. அவள் அந்தப் பாட்டைப் போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மூன்றாவது வரி வந்தபோது வார்த்தையை விட்டுவிட்டு "ம்ம்ம்" என்று இழுத்து, நாலாவது வரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மூன்றாவது வரி எனக்கு எப்போதுமே வாயில் நிற்காது. சின்ன வயதில் இருந்தே அந்த இடத்தில் "ம்ம்ம்" என்றுதான் இழுப்பேன்.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்னப்பா, நீதான் தினம் ஷேவ் பண்றப்போ பாடுவியே."

பாட்டு போய்ச் சேர்ந்துதான் இருந்தது. ரேடியோவில் இருந்தோ கேசட்டில் இருந்தோ வராமல், சோப்பு நுரைக்கு நடுவே என் முனகலாக, நான் விட்டுவிடுகிற வரியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. திண்ணையில் அம்மாவும் எத்தனையோ வரிகளை முனகித்தான் தாண்டுவார். அந்தப் பாட்டுகளின் சரியான வரிகளை நான் பிற்காலத்தில் தேடிப் படித்திருக்கிறேன். ஆனாலும் வாய்விட்டுப் பாடும்போது அம்மா பாடினபடிதான் வருகிறது. மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

சமையலறை ஸ்பீக்கர்

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்தோம். காலையில் டிபன் வேலை முடியும்வரை அது பாடும். பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்கிற சத்தம் இல்லை, எங்கள் மூன்று அறைக்கும் கேட்கிற சத்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000இல் வந்த சட்ட விதி நியாயமானது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், நெஞ்சுவலிக்காரரும் இருக்கிற தெருவில் கூம்புக் குழாயை அலறவிடுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்களாவது ஒன்றாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஒன்றாகக் கேட்பது என்றால் அவளுடைய பாட்டையும் நாங்கள் கேட்க வேண்டும். சனி ஞாயிறு ஸ்பீக்கர் அவள் கையில். சுயாதீனப் பாடகர்கள், ராப், கொரியன் என்று என்னென்னவோ வரும். சிலது உடனே பிடித்துவிடுகிறது, சிலது பிடிக்கவில்லை. பிடிக்காததையும் இருந்து கேட்கிறேன். 1992இல் ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படக் கேசட்டை நான் ஊருக்கு வாங்கிக்கொண்டு போனபோது, "என்னலே இது, தகரத்தத் தட்டுதான்" என்றார் அம்மா. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதில் ஒரு பாட்டை முனகிக்கொண்டே இலை வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளிடம் இருந்தும் பாட்டு பெரியவர்களுக்குப் போகும். பக்கத்தில் இருந்தால் போதும்.

ரயிலிலும் இப்போது ஒரு காதையாவது திறந்து வைத்திருக்கிறேன். கடற்கரை – தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், பார்வையற்ற பாடகர்கள் தோளில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு மைக்கில் பாடிக்கொண்டே பெட்டி பெட்டியாக வருவார்கள். நாம் கேட்காமலே நமக்குக் கிடைக்கிற பாட்டு இந்த ஊரில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் அது அவர்களால்தான். அதில் ஒருவரோடு எனக்குப் பேச்சுப் பழக்கம் உண்டு. காலையில் ஆபீஸ் கூட்டத்துக்கு டி.எம்.எஸ்., கிண்டியில் காலேஜ் பிள்ளைகள் ஏறினால் ராஜா என்று வரிசை வைத்திருக்கிறார். "முன்னாடியெல்லாம் இந்தப் பாட்டு பாடுங்க, அந்தப் பாட்டு பாடுங்கன்னு கேப்பாங்க சார். இப்ப காசு போடறவங்ககூட காதுல மாட்டின்னு இருக்காங்க. யாரும் எதையும் கேக்கறதில்ல" என்றார். எனக்கு அம்மாவின் ஜிக்கி பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பொம்பளைக் குரல் பாட்டு, சுருதியை இறக்கித்தான் பாட வேண்டும், இசை டிராக் இல்லை, பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்றேன்.

"எங்க இறங்கறீங்க சார்?"

"குரோம்பேட்டை."

"அப்ப ரெண்டு சரணமும் பாடலாம்" என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டார்.